ஓடாத வண்டியின் கணக்கு

மோட்டார் வாகனச் சட்டத்துக்கு ஒரு சொந்தக் காரின் வாழ்க்கையில் இரண்டே நிலைகள்தாம் தெரியும். ஒன்று, அது ஓடுகிறது. இரண்டு, அது செத்துவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நீண்ட காலம் உண்டு. பேட்டரியைக் கழற்றி, நாலு பக்கமும் செங்கல் அடுக்கித் தூக்கி வைத்து, நீலத் தார்ப்பாய் போர்த்தி, அதன்மேல் பலாச் சருகு விழுந்து விழுந்து மக்கிக்கொண்டிருக்கும் காலம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை முதல் விளவங்கோடு வரை எந்த ஊருக்குள் நடந்தாலும் இப்படி நாலு வண்டியைப் பார்க்கலாம். தென்னை விளையில் ஒன்று, பழைய தொழுத்தில் ஒன்று, வீட்டோடு ஒட்டிய சாய்ப்பில் ஒன்று, முடுக்கிலேயே ஒன்று. அந்தக் காலத்துக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் படிவம் இல்லை. படிவம் இல்லாததால் கவுண்டரில் பதிலும் இல்லை. ஆனால் தண்டம் மட்டும் உண்டு.

'சும்மாதானே கெடக்கு, அது என்ன சோறா கேக்குது?' என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கிறது. மாசம் ஐந்நூறு ரூபாய்க்குச் சோறு கேட்கிறது.

கணக்கைச் சொல்கிறேன். சொந்த உபயோகத்துக்கான காருக்குப் பதிவுச் சான்று, அதாவது ஆர்.சி., 15 வருஷம் செல்லும். அதன்பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 மார்ச் வரை இதற்கு மத்திய அரசின் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் அது 5,000. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. இதற்குமேல் மாநிலத்தின் பசுமை வரி. இவை இருக்கட்டும். பழைய வண்டி புகை கக்கும், அதனால் கூடுதலாகக் கட்டு என்று சொன்னால் அதில் ஒரு நியாயமாவது உண்டு. என் சண்டை இதற்கு அடுத்த வரியோடு. புதுப்பிக்கத் தாமதமானால் மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 300 ரூபாயும், கார் போன்ற மற்ற சொந்த வண்டிகளுக்கு மாதம் 500 ரூபாயும் கூடுதல் கட்டணம்.

2007 ஜூனில் பதிந்த ஒரு மாருதி 800ஐ எடுத்துக்கொள்வோம். 2022 ஜூனில் ஆர்.சி. முடிந்தது. உடையவர் படுக்கையில். பையன் மஸ்கட்டில். வண்டி சாய்ப்பில். மூன்று வருஷம் கழித்துப் பையன் லீவில் வந்து, 'அப்பா ஓட்டின வண்டியில்லா, சரியாக்கி ஓட்டுவோம்' என்று ஆசைப்பட்டால் 36 மாதத்துக்கு 18,000 ரூபாய் தாமதக் கட்டணம், 5,000 புதுப்பிக்கும் கட்டணம். மெக்கானிக் இன்னும் பானெட்டைத் திறக்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதில் எங்கே அநியாயம்? சட்டத்தின் 39ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது, ஓட்ட விடவும் கூடாது. சரி. இவர் ஓட்டவில்லை. ரோட்டில் நிறுத்தவில்லை. சட்டம் எதைச் செய்யாதே என்றதோ அதை மூன்று வருஷம் செய்யாமல் இருந்திருக்கிறார். சொன்ன பேச்சைக் கேட்டதற்கு 18,000 ரூபாய். அதே மூன்று வருஷமும் செத்த ஆர்.சி.யோடு பார்வதிபுரம் பாலத்தில் ஏறி இறங்கி, யார் கையிலும் சிக்காமல் இருந்தவனுக்கும் அதே 18,000தான். ஓடியவனையும் ஓடாதவனையும் ஒரே தராசில் நிறுத்துகிற விதியை எந்தக் கடைக்காரரும் போடமாட்டார். அரசாங்கம் போட்டிருக்கிறது. ஏனென்றால் ஓடாதவன் 'நான் ஓட்டவில்லை' என்று எழுதிக் கொடுக்க அதனிடம் ஒரு தாள் இல்லை.

லாரி, பஸ் வைத்திருப்பவருக்கு இந்தத் தாள் உண்டு. வண்டி ஓடாத காலத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வரியை நிறுத்தி வைக்கலாம். 'ஸ்டாப்பேஜ் போடுறது' என்பார்கள். கொரோனா காலத்தில் ஆம்னி பஸ்காரர்கள் பலரும் செய்தது அதைத்தான். களியக்காவிளையைத் தாண்டினால் இது இன்னும் பிரசித்தம். கேரளத்தில் ஜி ஃபார்ம் என்றால் பஸ் முதலாளி முதல் கிளீனர் பையன் வரை எல்லோருக்கும் தெரியும். 1976ஆம் வருஷத்து வரிச் சட்டத்தின் கீழ் வந்தது. வண்டி இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன இடத்தில் கிடக்கும் என்று முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆக, அரசாங்கத்துக்கு இப்படி ஒன்று கற்பனைக்கே எட்டாதது அல்ல. வரி காலாண்டுக்குக் காலாண்டு வருகிற வண்டிக்கு மட்டும் அதைக் கொடுத்தார்கள். சொந்தக் காரில் வரி மொத்தமாக முதல் நாளே வந்துவிடுகிறது. வந்த பிறகு வண்டி தூங்கினால் என்ன, முழித்தால் என்ன?

அந்த வரியின் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஆயுட்கால வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு உட்பட்ட காருக்கு விலையில் 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். ஒரு வண்டியின் முழு ஆயுளுக்குமான பணத்தை அது ஷோரூம் வாசலைத் தாண்டும் முன்னரே வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள், அந்த ஆயுளில் நோய், ஓய்வு, சாவு ஆகிய மூன்றையும் பதிந்துகொள்ளும் பொறுப்பையும் சேர்த்து வாங்கியிருக்க வேண்டாமா? பிறப்புக்குச் சீர் வாங்கிய தாய்மாமன் எழவுக்கு எட்டிப் பார்க்காதது போல இருக்கிறது.

*

இனி இன்ஷூரன்ஸ். இங்கே கதை வேறு. சட்டம் இதில் நியாயமாகத்தான் பேசுகிறது, ஆனால் யாரும் அதை எடுத்துச் சொல்வதில்லை.

146ஆம் பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைப் 'பொது இடத்தில்' பயன்படுத்தக்கூடாது. மீறினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 4,000. பொது இடம் என்றால் பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள இடம். பூட்டின கேட்டுக்குள் நிற்கிற வண்டிக்கு இந்தக் கட்டாயம் வராது. முடுக்கில் நிறுத்தியிருந்தால் வரும். 'என் வீட்டு மதிலை ஒட்டித்தானே நிக்கி' என்கிற வாதம் செல்லாது. மதிலுக்கு வெளியே நிற்பது ஊர் இடத்தில் நிற்பதுதான். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். வளவுக்குள் கிடக்கிற வண்டிக்கு வருஷா வருஷம் 2,094 ரூபாயோ 3,416 ரூபாயோ மூன்றாம் நபர் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கிற ஓய்வுபெற்ற சார்மார் ஒரு வகை. தெருவில் அழுகுகிற வண்டிக்கு ஒரு பைசாவும் கட்டாதவர்கள் இன்னொரு வகை. முன்னவர் வீணாகக் கட்டுகிறார். பின்னவர் வண்டியில் ஏறி விளையாடுகிற பிள்ளைக்கு ஒன்று ஆனால் யார் பொறுப்பு என்று யோசிக்கவே இல்லை.

வளவுக்குள் கிடந்தால் ஆபத்தே இல்லை என்றும் அர்த்தமில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. ரப்பரும் பலாவும் அயனியும் வேரோடு சாய்ந்தன. அடியில் கிடந்தது நசுங்கியது. வெறும் மூன்றாம் நபர் பாலிசி சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒன்றும் தராது. முழுப் பாலிசியை நிறுத்திவிட்டாலோ, முடிந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் வருஷக்கணக்காகச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அது 50 சதவீதம் வரை போகிற தள்ளுபடி.

இதற்கு மருந்து புத்தகத்திலேயே இருக்கிறது. 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப் என்கிற விதித் தொகுப்பில், 11 என்ற எண்ணில், ஒரு சேர்ப்பு வாசகம் உண்டு. வண்டி கொட்டகையில் உபயோகமில்லாமல் வைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் காலத்துக்கு விபத்துப் பொறுப்பு நிறுத்தி வைக்கப்படும். ஆனால் தீ, திருட்டு, கலவரம், புயல், வெள்ளம், நிலநடுக்கம் இவற்றுக்கான காப்பு மட்டும் தொடரும். நிறுத்திய காலத்துக்கு ஈடாக அடுத்த பிரீமியத்தில் கழிவோ, பாலிசிக் காலத்தில் நீட்டிப்போ கிடைக்கும். தொடர்ந்து இரண்டு மாதமாவது வண்டி கிடக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'லெய்ட் அப்' என்கிறார்கள். நம்ம பக்கத்தில் கடலுக்குப் போகாத மாசத்தில் வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைக்கிற மாதிரி.

ஆக, ஓய்வு என்ற நிலையை இன்ஷூரன்ஸ்காரன் இருபது வருஷத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறான். லாபக் கணக்குப் பார்க்கிறவனுக்கு எழுதி வைக்க முடிந்தது மக்கள் நலம் பேசுகிறவனுக்கு ஏன் முடியவில்லை? ஆனால் இன்ஷூரன்ஸ்காரனையும் மெச்ச வேண்டாம். உங்கள் ஏஜெண்டிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 'அப்படியெல்லாம் இல்ல சாரே, ரினியூ பண்ணிருங்கோ' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கமிஷன் ரினியூவலில்தானே இருக்கிறது.

*

மூன்றாவது நிலை, சாவு. இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிற ஏமாற்றம் பெரிது.

வண்டி இனி எழும்பாது என்று தெரிந்ததும் என்ன செய்கிறோம்? ஆக்கர் கடைக்காரரைக் கூப்பிடுகிறோம். அவர் சுற்றி வந்து பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். 'அண்ணாச்சி, அடியெல்லாம் உப்புக்காத்து தின்னுட்டு, தகடா உதிருது' என்பார். அது உண்மையும்கூட. முட்டத்துக்கும் குளச்சலுக்கும் பக்கத்தில் இரண்டு பருவமழையும் வாங்குகிற மண்ணில் இரும்பு நிலைக்காது. விலை பேசி, பணத்தை எண்ணிக் கொடுத்து, இழுத்துக்கொண்டு போய்விடுவார். வீட்டார் முற்றத்தைப் பெருக்கித் தெளித்துவிட்டு 'ஒரு பாரம் தொலைஞ்சுது' என்பார்கள். தொலைந்தது தகரம். வண்டி தொலையவில்லை. பரிவாகன் கணினியில் அது உங்கள் பெயரில், உங்கள் விலாசத்தில் உயிரோடு இருக்கிறது.

55ஆம் பிரிவு சொல்கிறது: வண்டி அழிந்துவிட்டாலோ, நிரந்தரமாக உபயோகப்படாமல் ஆகிவிட்டாலோ, உடையவர் 14 நாளுக்குள் அல்லது இயன்ற விரைவில் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். அதிகாரி பதிவை ரத்து செய்வார். தெரிவிக்காவிட்டால் என்ன? 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு எல்லா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இருக்க வேண்டியது. பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு. ஒருவர் 2007இல் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அவர் இன்னொருவருக்கு. ஆர்.சி.யில் யாரும் பெயர் மாற்றவில்லை. 2009இல் அந்தக் கார் மோதி ஒரு உயிர் போயிற்று. நஷ்டஈடு யார் தலையில்? 2007இல் விற்றவர் தலையில். சட்டத்தின்படி 'உடையவர்' என்றால் பதிவில் பெயர் உள்ளவர்தான், பாதிக்கப்பட்டவன் கைமாறிய கதையை எல்லாம் தேடித் திரிய வேண்டியதில்லை என்றது நீதிமன்றம்.

தீர்ப்பு நியாயமானது. அடிபட்டவன் பக்கம் நின்று பார்த்தால் வேறு வழியே இல்லை. ஆனால் இதை ஆக்கர் கடையோடு சேர்த்து யோசியுங்கள். வாங்கிப் போன வண்டியில் எஞ்சின் நன்றாக இருந்தது, ஒருத்தன் தட்டிக்கொட்டி ஓட்டினான் என்றால் அது யார் வண்டி? முற்றம் பெருக்கிய வீட்டுக்காரர் வண்டி.

சரி, ஒழுங்காக ரத்து செய்துவிடலாம் என்று ஒரு வயசான அம்மா கிளம்புகிறாள் என்று வையுங்கள். ஆர்.சி. இறந்துபோன கணவர் பெயரில். சட்டப்படி இறந்த 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். எழவு வீட்டில் யார் கார் ஆர்.சி.யைத் தேடினார்கள்? இப்போது தாசில்தார் ஆபீஸ் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். பிள்ளைகள் ஒப்புதல் வேண்டும். ஒருத்தி ஹூஸ்டனில், ஒருத்தன் தோகாவில். அடுத்து, 2011இலேயே அடைத்து முடித்த கார் லோன் ஆர்.சி.யில் அப்படியே நிற்கிறது. பேங்கிலிருந்து 35ஆம் நம்பர் படிவத்தில் கையெழுத்து வேண்டும். அந்தப் பேங்கு இதற்குள் வேறொரு பேங்கோடு சேர்ந்திருக்கும். வண்டி கே.எல். நம்பராக இருந்துவிட்டால் பாடு இன்னும் பெருசு. 1956 நவம்பர் 1 அன்று களியக்காவிளையில் கோடு கிழித்தார்கள். பெண் எடுக்கிறதும் கொடுக்கிறதும் வண்டி வாங்குகிறதும் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. ஆனால் வேற்று மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே தங்கினால் புது நம்பர் வாங்க வேண்டும் என்கிறது 47ஆம் பிரிவு. அந்த அம்மா என்ன செய்வாள்? புரோக்கரிடம் போவாள். இல்லையென்றால் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குள் போவாள்.

அரசாங்கம் தன் வண்டிக்கு மட்டும் நல்ல சாவை ஏற்பாடு செய்துகொண்டது. 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படாது. முடிந்தது கதை. நமக்கு 2021இல் வந்த வாகன உடைப்புக் கொள்கை இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் இல்லை, சாலை வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம் என்று மத்திய விதி சொல்கிறது. கவனித்துப் பாருங்கள், சலுகை எல்லாம் புதுக் கார் வாங்குகிறவனுக்கு. 80 வயசில் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, இனி வண்டியே வேண்டாம் என்கிற மனுஷனுக்கு? கொள்கை எழுதியவர் கண்ணில் கார் கம்பெனி தெரிந்திருக்கிறது, சாய்ப்பு தெரியவில்லை.

*

'இப்படி ஒரு தாள் கொடுத்தால் ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓட்டுவானே' என்பார்கள். ஓட்டுவான், சிலபேர். அவனைப் பிடி. தாள் இருந்தால்தான் பிடிக்கவும் முடியும். இங்கிலாந்தில் 1998இல் 'ஸார்ன்' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். வண்டியை ரோட்டிலிருந்து எடுத்துவிட்டேன் என்று அறிவிப்பது. கட்டணம் கிடையாது. மிச்சமிருக்கிற முழு மாதங்களுக்கான வரி திரும்ப வரும். இன்ஷூரன்ஸ் வேண்டாம். ரோட்டில் நிறுத்தக்கூடாது, ஓட்டக்கூடாது. வெள்ளைக்காரன் இதை இரக்கப்பட்டுக் கொண்டுவரவில்லை. வரி ஏய்ப்பைப் பிடிக்கக் கொண்டுவந்தான். ஓடாதது எது என்று தெரிந்தால், வரி கட்டாமல் ஓடுவது எது என்று தானே தெரிந்துவிடும். நம்மிடம் ஹெல்மெட் போடாதவனைப் படம் எடுத்து வீட்டுக்குச் சலான் அனுப்புகிற கேமரா இருக்கிறது. 'ஓடவில்லை' என்று எழுதிய நம்பர் வடசேரி ஜங்ஷனில் தெரிந்தால் அதே கேமரா சொல்லிவிடாதா?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒரு பக்கத் தாள், இலவசமாக. சொந்தக் கார் இன்ன தேதி முதல் இன்ன விலாசத்தில் ஓடாமல் கிடக்கிறது என்று அறிவிக்க. அது கிடக்கும் வரை தாமதக் கட்டணம் ஓடக்கூடாது. இரண்டாவது, ஆக்கர் கடைக்காரரை எதிரியாகப் பார்க்காமல், அவர் வழியாகவே வண்டி உடைப்பு நிலையத்துக்குப் போகவும், ரசீது வீட்டுக்கு வரவும் ஏற்பாடு. ஊர் ஊராக வருகிறவர் அவர்தான், அதிகாரி அல்ல. மூன்றாவது, இறப்புச் சான்றிதழ் பதிகிற கணினியும் ஆர்.சி. கணினியும் ஒன்றோடொன்று பேசட்டும். ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்க அவசரப்படுகிறவர்களுக்கு இது முடியாதா?

அதுவரை நாமே செய்ய வேண்டியவை சில. வண்டியைத் தெருவிலிருந்து மதிலுக்குள் எடுங்கள். பாலிசி உயிரோடு இருந்தால், ஓடாமல் கிடக்கிறது என்ற அந்தச் சேர்ப்பை ஏஜெண்டிடம் அல்ல, கம்பெனியிடமே எழுத்தில் கேளுங்கள். விற்றால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்கு 29ஆம் படிவத்தில் தெரிவியுங்கள், வாங்குகிறவன் மாற்றிக்கொள்வான் என்று விடாதீர்கள். கார் லோன் முடிந்த மாசமே ஆர்.சி.யில் பேங்கு பெயரை எடுத்துவிடுங்கள். விற்றபின் வேறு கார் வாங்கும் எண்ணம் இருந்தால் நோ கிளெய்ம் போனஸுக்குக் கடிதம் வாங்கி வையுங்கள், மூன்று வருஷம் செல்லும். ஆக்கருக்குக் கொடுக்கும் முன் பதிவை ரத்து செய்யுங்கள். ஆயுட்கால வரியில் மிச்சக் காலம் இருந்தால் திரும்பக் கேட்கவும் வழி உண்டு, கேளுங்கள். '15 வருஷம் ஆனா ஒடைச்சே ஆகணும்' என்று வந்து பயம் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவனை நம்பாதீர்கள். அந்தப் பேச்சு டெல்லிக்கானது. இங்கே புதுப்பித்தால் ஓட்டலாம்.

அம்பாசிடரும் மாருதி 800உம் உற்பத்தி நின்றது 2014இல். நம் சாய்ப்புகளில் கிடப்பவற்றில் பாதி அந்த இரண்டு சாதிதான். அவற்றின் ஆர்.சி.கள் ஒவ்வொன்றாக 2029க்குள் முதல் 15 வருஷத்தைத் தாண்டிவிடும். அதற்குள் அந்தத் தாள் வராவிட்டால், சருகுக்கு அடியில் அசையாமல் கிடக்கிற ஒவ்வொரு வண்டியும் மாசம் ஐந்நூறு ரூபாய் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டத்தை நிறுத்த எந்த மெக்கானிக்காலும் ஆகாது.